நீலம் கரைந்த குழாய்

என் கணவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலையில் ஆபரேட்டர் வேலை. அங்கே மீட்டர் முள் கொஞ்சம் நகர்ந்தாலும் பதறுகிற மனிதர், தன் மாத்திரையை மட்டும் நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் விட்டுவிடுவார். "எனக்கு இன்னா கொறைச்சல்? நல்லாத்தான இருக்கேன்" என்பார்.

நானோ சிதம்பரத்தில் அதே நோயைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். காலையில் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினால் மாலையில் திரும்புவேன். செல்லுக்குள் இருந்துகொண்டு அதற்குச் சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா. சர்க்கரை நோய் வந்த எலிகளின் மூளையில் அதன் நொதிகள் எப்படி வேலை செய்கின்றன என்று அளந்துகொண்டிருந்தேன். வீட்டில் இதைப் பேச ஆரம்பித்தாலே அவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஒருநாள் ரயில் ரத்தாகிவிட்டது. அழைத்துப்போக பைக்கில் வந்தவர் ஆய்வகத்துக்குள்ளேயே வந்துவிட்டார். சோதனை பாதியில் இருந்தது.

"ஓரமா உக்காருங்க மாமா. எதையும் தொடாதீங்க."

ஐஸ் பெட்டியில் இரண்டு குப்பிகள். அன்று அரைத்துப் பிரித்தெடுத்த மூளைச் சாறு; ஒன்று நலமான எலியுடையது, மற்றது சர்க்கரை எலியுடையது. நீலச் சாயம் கலந்த இரண்டு குழாய்களில் குப்பிக்கு ஒன்றாகக் கொஞ்சம் விட்டேன். நலமான எலியின் சாறு விட்ட முதல் குழாயில் நீலம் வெளுத்துக்கொண்டே வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போனது.

அவர் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார். "நீலம் எங்க போச்சி?"

"நொதி செஞ்ச வேலை. எலக்ட்ரானை உருவி சாயத்துக்குக் குடுக்குது, நெறம் போயிடுது. உயிரோட இருந்தப்ப செஞ்ச அதே வேலைதான்."

"எலிதான் செத்துப்போச்சே."

"ஆமா."

"மூளையையும் அரைச்சிட்ட."

"ஆமா மாமா. எலி செத்தது நொதிக்குத் தெரியாது."

நிறம் போன குழாயை அவர் கண் விரியக் குனிந்து பார்த்தார். எனக்குச் செய்து செய்து அலுத்துப்போன சோதனை அது. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. பார்க்கவும் பயப்படவும் எலியே இல்லாதபோதும் அந்தத் துளிச் சாறு, யாருக்கென்று கேட்காமல் இன்னும் உழைத்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது குழாயில் நீலம் அப்போதும் போகவில்லை. வெளுத்தது, ஆனால் மெதுவாக, மூச்சு வாங்குவதுபோல.

"இதுதான் சுகர் எலியா?"

தலையசைத்தேன்.

"எனக்குள்ளயும் இப்பிடித்தானா?"

"எலிக்கு நடக்கறது மனுஷனுக்கு அப்படியே நடக்கும்னு சொல்ல முடியாது. ஆனா சுகர் ஜாஸ்தியாவே இருந்தா மூளைக்கு நல்லதில்ல."

திரும்பும் வழியில், குடிகாடு தாண்டும்போது கேட்டார்: "தலைக்குள்ள இது மாதிரி எத்தினி இருக்கும்?"

"எண்ண முடியாது."

"அத்தினியும் இப்ப ஓடிகினு இருக்கா?"

"ஓடுது. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

மறுவாரம் டாக்டரிடம் அவராகவே போனார். மாத்திரையை விடுவது நின்றது. சில மாதங்களில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. உள்ளே என்ன மாறியது என்று என்னால் அளக்க முடியாது.

பிறகு ஒரு காலையில், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தம்பியிடம் எதற்கோ சிரித்தபடி சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். காபியோடு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். இவ்வளவையும் ஒரு தலை ஒரே நேரத்தில் செய்கிறது.

"இன்னா அப்பிடிப் பாக்கற?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்று காபியை நீட்டினேன்.