பேட்டரி வீடு

நேற்றுக் காலை கைத்தொலைபேசியைக் கட்டிலில் விட்டெறிந்தேன். விழுந்தது மெத்தையில்தான். வீசும்போதே மெத்தையைப் பார்த்துத்தான் வீசினேன். என் கோபத்துக்கு அந்த அளவு புத்தி எப்போதும் உண்டு.

விஷயம் இதுதான். எங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கென்று ஒரு வாட்சப் குழு இருக்கிறது. மலேசியாவில், கெடா மாநிலத்தின் தென்கோடியில், பண்டார் பாருவுக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டம். போன மாதம் ஒருவர் அந்தக் குழுவில் சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, மகள் கல்யாணத்தில் திரையில் காட்ட வேண்டும், தன் அப்பா அம்மா இருக்கும் பழைய படங்கள் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். எங்கள் ஆட்கள் உருகிப் போனார்கள். ஓர் அக்கா மூட்டுவலியோடு அலமாரி மேலிருந்த பெட்டிகளை இறக்கித் தேடினார். இன்னொருவர் அலோர் ஸ்டாரில் இருக்கும் தங்கை வீட்டுக்கே காரை ஓட்டிக்கொண்டு போய் ஆல்பத்திலிருந்து படம் பிடித்து அனுப்பினார். மனிதர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு பெண், “அண்ணே, உங்ககிட்ட எங்கப்பா படம் ஏதாச்சும் இருந்தா போடுங்களேன்” என்று கேட்டாள். படித்தார். பதில் இல்லை. அடுத்த நாள் குழுவை விட்டே போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்குத் தனியாக எழுதினேன். உடனே பதில் வந்தது. “குரூப்புன்னா எல்லாருக்கும் பொதுதானேக்கா? நான் என்னா திருடிட்டா போனேன்?”

அப்போதுதான் வீசினேன். எடுத்துப் பார்த்தால் அதில் உயிரே இல்லை, சார்ஜ் போடவில்லை. ஒயரைச் சொருகிவிட்டு உட்கார்ந்தேன். கை தானாகச் செய்கிற வேலையாகிவிட்டது இது. எங்கள் தோட்டத்தில் ஒரு காலத்தில் சார்ஜ் ஏற்றுவது என்றால் ஒரு வீட்டின் முழு நாள் அதற்கே போய்விடும்.

எழுபதுகளின் நடுவில், நான் ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போக ஆரம்பித்த புதிது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் மின்சாரம் கிடையாது. மண்டபத்தில் ஒரு டிவி இருந்தது, எல்லோருமாகச் சேர்ந்து வாங்கியது. அது லாரி பேட்டரியில் ஓடும். வாராவாரம் ஒரு வீட்டார் முறை போட்டு அந்தப் பேட்டரியைப் பண்டார் பாருவில் இருந்த சீனர் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். செம்மண் பாதை. சைக்கிள் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு, பேட்டரியை வைத்து, பழைய டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்ட வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் ஆசிட் தெறிக்கும். அந்தப் புளித்த வாடை தொண்டை வரை இறங்கும், கைலியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். எங்கள் தோட்டத்தில் நல்ல மனிதர்களைக் கைலி ஓட்டையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நான் அப்போது கேலி செய்வதுண்டு. என் பாவாடையிலும் இருந்தது, அதனால் தைரியமாகச் சொல்லலாம்.

அந்த வாரம் கொண்டுபோய் வந்த வீட்டுக்குப் பெயர் ‘பேட்டரி வீடு’. “இந்த வாரம் பேட்டரி வீடு யாரு?” என்று கேட்டுக்கொண்டுதான் மண்டபத்துக்குள் நுழைவோம். அவர்களுக்கு முன்வரிசைப் பாய். எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்தாலும் அதில் உட்கார மாட்டார். எழுதி வைக்காத சட்டம், ஆனால் யாரும் மீறியதில்லை.

யாரும் என்றால், மணியத்தைத் தவிர. மணியம் ஸ்டோரில் வேலை பார்த்தவர். லயத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பேட்டரியைப் பின்னால் கட்டினால் அவருக்குப் பண்டார் பாரு ஒரு நடையே இல்லை. ஒரு தடவை கொண்டுபோனதில்லை. கேட்டால், “சீட்டுல ஆசிட் கொட்டிரும்லா” என்பார். முன்வரிசைப் பாயில் மட்டும் தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். ஒதுங்கி இடம் விட்ட எங்கள் ஆட்களைச் சொல்ல வேண்டும்.

அருள்மேரி அக்கா எங்கள் பக்கத்து வீடு. காட்டு வேலைக்குப் போகிறவர், புல் வெட்டுவது, மருந்தடிப்பது. புருஷன் இல்லை. ஒரே மகள் பிலோமினா கோலாலம்பூரில் நர்ஸ் படிப்புக்குப் போயிருந்தாள். போனவள் ஒரு வருஷமாக வரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கும் டியூட்டி, லீவு இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டாள். கூடவே இன்னொன்றும் சொல்லியனுப்பியிருந்தாள். அவள் போகிற மாதா கோயிலின் பாட்டுக் குழு டிவியில் பாடப் போகிறது, அவளும் நிற்கிறாள்.

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரம் வேறு வீட்டு முறை. கெஞ்சி வாங்கிக்கொண்டார். சைக்கிள் ஓட்டத் தெரியாது, பேட்டரியை வைத்துத் தள்ளிக்கொண்டே போனார், தள்ளிக்கொண்டே வந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் இறக்கிவைத்துவிட்டுச் சாக்கால் மூடினார். “கடைக்காரத் தவுக்கேகிட்ட நல்லா ஏத்தச் சொல்லிட்டேன் புள்ள. நாளைக்கு எம்பொண்ண பாக்கலாம்” என்றார்.

அன்று இரவு மணியம் வீட்டில் பாட்டு. புது டேப்பும் ஸ்பீக்கரும் வாங்கியிருந்தார், சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். லயம் முழுக்கக் கேட்டது. நாங்களும் வாசலில் உட்கார்ந்து ரசித்தோம். மின்சாரமே இல்லாத லயத்தில் அவ்வளவு பெரிய ஸ்பீக்கர் எதில் ஓடுகிறது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பாட்டு நன்றாக இருந்ததுதான் காரணம்.

மறுநாள் நிகழ்ச்சிக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். இந்துக்கள், கிறிஸ்துவர்கள் எல்லோரும்தான். அருள்மேரி அக்கா முன்பாயில், கஞ்சி போட்ட சேலையில் உட்கார்ந்திருந்தார். அறிவிப்பாளர் வந்தார், பேசினார். பாட்டுக் குழு வந்து நின்றது. அப்போதே படம் இரண்டு ஓரமும் உள்ளே சுருங்க ஆரம்பித்தது. பேட்டரி இறங்கினால் அப்படித்தான் ஆகும், எங்களுக்குப் பழக்கம். ஆனால் நேற்று ஏற்றிய பேட்டரி!

“எம்பொண்ணு எங்க? யாராச்சும் பாத்தீங்களா?” அக்கா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்விட்டார். தலைகள் கொஞ்சம் தெரிந்தன, முகங்கள் இல்லை. குரல் இழுத்தது. பிறகு எல்லாம் போய்விட்டது. அக்கா கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு தாயை அப்படி நிற்க வைத்தவனை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

கேட்கப் போனோம். மணியத்துக்கு முகம்கூட மாறவில்லை. “என்னா இப்ப? எடுத்தேன், காலையில கொண்டாந்து வச்சுட்டேன்ல? பேட்டரி எல்லாருக்கும் பொதுதானே. நானும் காசு போட்டவன்லா!”

டிவியில் அடுத்த வாரத்துத் தமிழ்ப் படம் போடும் நாள்வரை நான் ஒவ்வொரு பால்மரத்திடமும் பேசிப் பழகினேன். மணியத்தின் முகத்துக்கு நேராகச் சொல்ல அருமையான வசனங்கள் தயார். அன்று படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மணியம் வந்தார், வழக்கம்போல முன்பாயில் உட்கார்ந்தார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து விடுவிடுவென்று முன்னால் போய், பேட்டரியின் சிவப்புக் கிளிப்பைப் பிடுங்கிவிட்டாள். இருட்டு.

மணியத்தின் மனைவி சரோஜா. உரக்கப் பேசி ஒருநாளும் கேட்டிராத சரோஜா.

“நீங்க வீட்டுக்குப் போங்க. அப்புறம் மாட்டுறேன்.”

“உனக்கென்னா பைத்தியமா? எல்லாரும் படம் பாக்கறாங்கலா!”

யாராவது ஆமாம் போடுவார்கள் என்று மணியம் காத்திருந்தார். கொசு கடித்தது. பிள்ளைகள்கூடச் சிணுங்கவில்லை. அருள்மேரி அக்காதான், “மாட்டிரு சரோஜா, புள்ளைங்க பாக்கட்டும்” என்றார். சரோஜா அசையவில்லை. இருட்டுக்குள்ளிருந்து மண்டோரின் குரல் வந்தது. “நாங்க இப்பிடியே இருக்கோம். எங்களுக்கு ஒன்னும் அவசரம் இல்லலா.”

வாரம் முழுக்கக் காத்திருந்த படம். அதை விட்டுவிட்டு அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் மோட்டார் சைக்கிள் கிளம்புகிற சத்தம் கேட்டது. சரோஜா கிளிப்பை மாட்டினாள். கதாநாயகன் அதற்குள் ஜெயிலுக்குப் போயிருந்தான். எதற்காகப் போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் வசனங்களும் சொல்லப்படாமலே போயின.

மணியம் திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் சொந்தமாக ஒரு டிவியும் பேட்டரியும் வாங்கி, சன்னலைச் சாத்திக்கொண்டு பார்த்தார். சரோஜா மட்டும் மண்டபத்துக்கே வந்தாள்.

எண்பதுகளில் மின்சாரம் வந்தது, வீட்டுக்கு வீடு டிவி வந்தது. மண்டபத்தில் உர மூட்டைகளை அடுக்கினார்கள். பிறகு தோட்டத்தை விற்றார்கள், ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள், லயத்தை இடித்தார்கள். ஒருத்தியின் வருத்தத்துக்காக இருட்டில் உட்கார்ந்த அந்த ஜனங்களும் திசைக்கொருவராகப் போனார்கள்.

பிலோமினா படிப்பு முடிந்து லண்டனுக்குப் போனாள். போகும்முன் ஒரே ஒரு நாள் தோட்டத்துக்கு வந்தாள், அந்த நாள் அழுகையிலேயே கழிந்தது. பல வருஷம் கழித்து, முடியை வெட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு திரும்பினாள். அக்கா அப்போது பண்டார் பாருவில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார். நானும் போயிருந்தேன். தேத்தண்ணீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு அக்கா சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

“டிவியில பாடுனியே, அன்னைக்கு எந்தச் சேலைய கட்டியிருந்த?”

பிலோமினா யோசித்தாள். “எப்பம்மா? பாடுனேன்... சேலையெல்லாம் ஞாபகம் இல்லையே.”

அக்கா தலையை ஆட்டிவிட்டுப் பேரப்பிள்ளைக்குப் பிஸ்கட் எடுக்க உள்ளே போய்விட்டார். அன்று அவள் எந்தச் சேலையில் நின்றாள் என்பது இனி யாருக்கும் தெரியாது. மணியம் அன்று எடுத்துக்கொண்டு போனது அதைத்தான்.