பொன்னாடையில் சுற்றிய மோட்டார்

சனிக்கிழமை காலை ஆறரை மணி. மீனலோசனி ஒரு பொன்னாடையை உதறி விரித்து, நடுவில் மின்விசிறி மோட்டாரை வைத்து, நான்கு முனைகளையும் இழுத்து முடிச்சுப் போடுகிறார். அடுத்த பொன்னாடைக்குள் இரண்டு மல்டிமீட்டர்கள். மயில்கழுத்து நிறத்தில் சரிகைக்கரை போட்ட இன்னொன்றுக்குள் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கருவி. ஜொகூர் மாநிலத்தின் பெர்மாஸ் ஜெயாவில் அவருடைய வரிசைவீட்டின் முன்னால் மைவி காரின் பின்கதவு திறந்தே கிடக்கிறது. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி தினமும் போல் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி, இந்தியர்கள் ஏதோ பூஜைக்குப் புறப்படுகிறார்கள் என்று நினைத்துத் தலையசைக்கிறார்.

போகும் ஊரிலெல்லாம் போர்த்துகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டார். கடிதம் எழுதினார். ஒருமுறை கையை நீட்டித் தடுத்துப் பார்த்தார், கைமீதே போர்த்திவிட்டார்கள். "போர்த்துறவங்களுக்கு ஒரு போட்டோ, எனக்கு ஒரு பேக்கிங் துணி. போதும் லா," என்கிறார் இப்போது.

ஐம்பத்திரண்டு வயது. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் மின்பராமரிப்புப் பிரிவுக்குத் தலைமைப் பொறியாளர். அவருக்குக் கீழே இருபத்தெட்டு ஆண்கள். வார நாட்களில் அவர் 'நிறுத்து' என்றால் ஓர் உற்பத்தி வரிசையே நிற்கும். சனிக்கிழமைகளில், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியின் கையில் ஸ்குரூடிரைவரைக் கொடுப்பதற்காக, கோயில் நிர்வாகக் குழுக்களின் முன்னால் அனுமதி கேட்டு நிற்கிறார்.

கோயில் மண்டபம் என்றால்தான் அப்பாக்கள் பெண்களை அனுப்புவார்கள். அதனால் கடவுள் நம்பிக்கை துளியும் இல்லாத இந்த அம்மாள் ஜொகூரில் நுழையாத கோயில் மண்டபம் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவார். திருநீற்றுத் தட்டு வந்தால், இரண்டு கையிலும் மோட்டாரைப் பிடித்துக்கொள்வார்.

அவருடைய பயிலரங்கில் ஒரே ஒரு விதிதான். பெண்பிள்ளை கையில் எடுத்த கருவியை யாரும் வாங்கக் கூடாது. இருபது நிமிடம் ஆனாலும், திருகாணியை எதிர்ப்பக்கம் திருகினாலும். உலகத்திலேயே அவருக்குப் பிடிக்காத வாக்கியம், "குடு பாப்பா, அங்கிள் செஞ்சு தரேன்." அதைப் பாசத்தோடு சொல்கிறார்கள் என்பதுதான் அவருக்கு மேலும் எரிச்சலூட்டுகிறது. திட்டினால் எதிர்த்துத் திட்டலாம், பாசத்தை என்ன செய்வது? அவருக்கே கை பரபரக்கும். ஒரு பெண் பதற்றத்தில் திருகாணியின் தலையை நசுக்கும்போது, அவர் நாற்காலியில் அமர்ந்து இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே செருகிக்கொள்வார். பயிலரங்கு முடிந்து எழும்போது புறங்கையில் பிளாஸ்டிக் நாற்காலியின் வரிகள் பதிந்திருக்கும்.

கைப்பையில் எப்போதும் ஒரு புட்டி லிக்குவிட் பேப்பர், எழுத்தை அழிக்கும் வெள்ளை மை, இருக்கும். அலுவலகத்தில் யாரும் இப்போது அதைப் பயன்படுத்துவதில்லை. மீனலோசனி தேடிப்போய் வாங்குகிறார். மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடிக்கும் பிள்ளைகளிடம் பள்ளியில் ஒரு விண்ணப்பப் பாரம் கொடுப்பார்கள்: நாலாம் படிவத்தில் எந்தப் பாடத்தொகுப்பு? இயற்பியலும் கூடுதல் கணிதமும் உள்ள கட்டத்தில் டிக் போடாத பிள்ளைக்குப் பொறியியல் கதவு அன்றைக்கே சாத்திக்கொள்கிறது. பெண்பிள்ளை என்றால் பல வீடுகளில் யோசிக்காமல் கணக்கியலில் டிக் விழும். பதினைந்து வயதில், பேனாவின் ஒரு கீறல். பெற்றோர் அதை அழித்து, பக்கத்தில் சிறுகையொப்பம் போட்டால் பள்ளி ஏற்றுக்கொள்ளும். அதற்குத்தான் அந்தப் புட்டி.

லாபிஸ் ஊர்ப் பயிலரங்கில் சிந்துஜா என்று ஒரு பெண் இருந்தாள். சுற்று வரைபடத்தைக் கதைப்புத்தகம் போலப் படிப்பவள். அவள் பாரத்தைப் பற்றி மீனலோசனி கேட்க மறந்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து அவள் வந்து, "மேடம், நான் இஞ்சினியரிங் எடுக்கணும்," என்றபோது, முடியாது என்று சொல்லவேண்டிய வாய் இவருடையதாகப் போயிற்று. சிந்துஜா இப்போது பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பேரங்காடியின் கட்டண முகப்பில் அமர்ந்து பொருள்களை ஸ்கேன் செய்கிறாள். இருபத்தெட்டு ஆண்களை நடுங்கவைக்கும் மீனலோசனி, அவள் இருக்கும் நாளில் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் வேறு முகப்பில் போய் நிற்பார்.

சென்ற மாதம் பண்டார் தெங்காராவில் நடந்ததைச் சொன்னால் இவரை முழுசாகப் புரிந்துகொள்ளலாம்.

இருபுறமும் செம்பனை வரிசையைக் கடந்து மண்டபத்துக்கு வந்து இறங்கினால், வாசலில் பெரிய பதாகை: 'மகளிர் கைவினைப் பயிலரங்கு'. மூலையில் ஒரு பூக்கூடைப் படம்.

கோயில் தலைவர் சின்னத்தம்பி, தோட்டத்தில் ஆள்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

"தலைவரே, நான் பொறியியல்னுதான எழுதி அனுப்பினேன்?"

"ஆமா மேடம். ஆனா பொம்பள பிள்ளைங்களுக்குன்னு போட்டிருந்தீங்களா, டைப் பண்ணவன் ஏதோ தப்பா எழுதிட்டீங்கன்னு நெனச்சி மாத்திட்டான். அலமாக், விடுங்க. பூக்கூட நல்லாத்தான இருக்கு."

ஒன்பது மணி நிகழ்ச்சி பத்துக்குத் தொடங்கியது. குத்துவிளக்கு. வரவேற்புரை. தலைவர் உரை. துணைத்தலைவர், தலைவர் சொன்னதையே சொன்னார். பெண் கல்வியின் அவசியத்தைப் பற்றி ஆண்கள் ஐம்பது நிமிடம் பேசினார்கள். பன்னிரண்டு மணிக்கு மண்டபத்தில் பிறந்தநாள் விருந்து. சமையல்காரர்கள் அப்போதே மேசையை இழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மீனலோசனி தோளிலிருந்து அதை எடுத்து, இரண்டாக மடித்து, முன்வரிசை மேசைமேல் விரித்து, அதன்மேல் மோட்டாரை வைத்தார்.

பதினேழு பெண்கள். முதல் மேசையில் லோஷினி. ஒல்லியான, பேசாத பெண். ஸ்குரூடிரைவரை எடுத்ததும் சின்னத்தம்பி புகைப்படக்காரரோடு வந்து சேர்ந்தார்.

"குடு பாப்பா. எப்படிப் பிடிக்கிறதுன்னு அங்கிள் காட்டுறேன்."

கருவி அவர் கைக்குப் போயிற்று. படம் எடுக்கப்பட்டது. மீனலோசனி அதை அவர் விரல்களிலிருந்து உருவி லோஷினியிடம் திருப்பிக் கொடுத்தார். "தலைவரே, மைக்க நான் உங்ககிட்டேர்ந்து பிடுங்கினேனா? பிடுங்கல இல்ல? அப்ப இதயும் விட்டுடுங்க."

நான்கு நிமிடம். லோஷினி மூடியைக் கழற்றி, கம்பிகளைப் பார்த்து, ஒரு சிறு உருளையை நகத்தால் தட்டினாள். "கெப்பாசிட்டர் போச்சு மேடம். உப்பியிருக்கு. மோட்டார் நல்லாத்தான் இருக்கு."

கெட்ட கெப்பாசிட்டரை வேண்டுமென்றே பொருத்தி வைப்பது மீனலோசனியின் வழக்கம். இவர் மூன்று குறிப்பாவது கொடுக்காமல் இதுவரை யாரும் அதைக் கண்டுபிடித்ததில்லை. அவர் அந்தப் பெண்ணின் வலதுகையைத் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரல் ஓரத்தில் சிறிய தழும்பு. சால்டரிங் சூடு பட்ட தழும்பு. அவருக்கும் அதே இடத்தில் இருக்கிறது.

"எங்க சுட்டுக்கிட்ட?"

லோஷினி மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தாள். அங்கே கைகளைக் கட்டிக்கொண்டு அவள் அப்பா கமலநாதன் நின்றிருந்தார். ஏர்கோன் எனும் குளிர்சாதனங்களைச் சர்வீஸ் செய்பவர். வெளியே ஏணி கட்டிய வேன் அவருடையது.

"அப்பா வெளிய போய் ஏர்கோன் போர்டு கழட்டிக் கொண்டாருவாரு மேடம். நான் ரிப்பேர் செஞ்சு வைப்பேன்."

"எவ்வளவு நாளா?"

"படிவம் ஒண்ணுலேர்ந்து."

மீனலோசனி பாரத்தைக் கொண்டுவரச் சொல்லி எல்லாரிடமும் முன்பே சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பள்ளியில் ஒப்படைக்கவேண்டும். லோஷினியின் பாரத்தில் கணக்கியல் தொகுப்பில் அழுத்தமான நீல மை டிக். கீழே கமலநாதனின் கையொப்பம்.

மற்ற பெண்கள் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அப்பாவையும் மகளையும் ஓரமாக ஒரு மேசையருகே இரண்டு நாற்காலியில் உட்காரவைத்துத் தானும் எதிரே அமர்ந்தார்.

"தம்பி, ஏன் அக்கவுண்ட்ஸ்?"

"பொம்பள புள்ள மேடம். ஆபீஸ் வேல, ஏர்கோன் காத்து, சாயந்திரம் அஞ்சுக்கு வீடு."

"அந்த ஏர்கோன் கெட்டா யாரு செய்வா?"

"நான்தான்," என்று சிரித்தார் கமலநாதன்.

"நீங்களா?"

சிரிப்பு நின்றது. லோஷினி தரையைப் பார்த்தாள்.

"கண்ணு கொஞ்சம் பத்தல மேடம். அதுல எல்லாம் பொடிப்பொடியா இருக்குது." தொண்டையைச் செருமினார். "அதோட, குளுவாங்ல ஒரு சாமிகிட்ட ஜாதகம் பாத்தோம். இவளுக்கு இரும்பும் நெருப்பும் ஆகாதுன்னாரு."

"வீட்டுல அடுப்பு யாரு பத்தவைக்கிறது?"

"இவதான். அவங்கம்மாவுக்கு பெக்டரில ஷிப்டு."

"அது நெருப்பு. தோசைக்கல்லு எதுல செஞ்சது? சால்டரிங் முந்நூறு டிகிரி கொதிக்குதே, அது என்ன, ஐஸ் கச்சாங்கா?"

"அது வீட்டுக்குள்ள மேடம். வெளிய யாருக்குத் தெரியும்."

மீனலோசனி கண்ணை மூடித் திறந்தார். முப்பது ஆண்டுகளாக அவர் கேட்டுவரும் சாக்குகள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இதுதான். உழைப்பு வேண்டும், உழைத்தவள் பெயர் வேண்டாம். கிரகங்களுக்குக்கூட வாசற்படிக்கு உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம்.

கமலநாதன் கெட்டவர் இல்லை. அவர் தணிந்த குரலில் சொன்னார்: "நீங்க சிலோன்காரங்க மேடம். உங்க ஆளுங்களுக்குப் படிப்பு ரத்தத்துலயே இருக்கு. நாங்க தோட்டத்து ஆளுங்க. ரொம்ப ஆசப்பட்டு விழுந்துட்டா, தூக்கிவிட ஆள் இல்ல."

"ரத்தத்துல இருக்கறது இரும்புச்சத்து தம்பி. படிப்பு இல்ல." குரல் உயர்ந்ததில் சமையல்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "எங்க தாத்தாவுக்கு ரயில்வேல கணக்கெழுதுற கிராணி வேல குடுத்து, பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் ஸ்கூலும் பக்கத்துலயே கட்டிக் குடுத்தான் வெள்ளக்காரன். உங்க தாத்தாவுக்கு ரப்பர் மரம் சீவக் கத்தியும் வாளியும் குடுத்து, ஆறாவதுக்கு மேல பள்ளிக்கூடமே இல்லாம வச்சான். அது ரத்தம் இல்ல. எவனோ ஒருத்தன் காகிதத்துல போட்ட கையெழுத்து. இப்ப அந்தக் கையெழுத்த நீங்க போட்டு வச்சிருக்கீங்க."

கமலநாதன் பாரத்தின் கீழே இருந்த தன் கையொப்பத்தைப் பார்த்தார்.

"இவ போயிட்டா போர்டு செய்ய ஆள் இல்லன்னு பயமா?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்னவுடனே மீனலோசனிக்குத் தெரிந்தது. மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. இந்த இடத்தில்தான் அப்பாக்கள் எழுந்து போவார்கள். லாபிஸில் இரண்டு பேர் போயிருக்கிறார்கள். கமலநாதனும் வேன் சாவியை எடுத்தார்.

"அப்பா." அந்த மண்டபத்தில் லோஷினி அப்பாவிடம் பேசிய முதல் சொல் அது. "ஸ்கூல் இதே ஸ்கூல்தான். போர்டு எப்பவும்போல செஞ்சு தரேன். இப்ப எரிஞ்சத எடுத்துட்டுப் புதுசு வைக்க மட்டும்தான் தெரியுது. ஏன் எரிஞ்சிச்சுன்னு தெரியல. நம்ம தாமான் வரிசைல அந்த ஒரு வீட்டு போர்டு மூணு தடவ வந்திருச்சு. அந்த அங்கிள் உங்களத்தான் ஏசுறாரு. பிசிக்ஸ்ல அது இருக்கு. புக்கு பாத்தேன்."

பின்னால் யாரோ ஓர் அண்டாவைத் தரையில் போட்டார்கள். சின்னத்தம்பி மைக்கில், "சத்தம் போடாதீங்க, படிப்பு நடக்குது," என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

மீனலோசனி கைப்பையைத் திறந்து, புட்டியை எடுத்துக் கமலநாதனுக்கும் லோஷினிக்கும் நடுவில், பாரத்தின்மேல் வைத்தார். பக்கத்தில் ஒரு பேனா. ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

கமலநாதன் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். புட்டியை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே சிறு குண்டு கலகலத்தது. மூடியைத் திருகினார். பாரத்தைத் தூர நீட்டிப் பார்த்தார், கண்ணருகே கொண்டுவந்து பார்த்தார், மறுபடியும் தூர நீட்டினார். வெள்ளை மை தோய்ந்த தூரிகை, அழிக்கவேண்டிய கட்டத்துக்கு ஒரு வரி மேலே, தவறான இடத்தில் தடுமாறி நின்றது.

"எந்தக் கட்டம்மா?" என்றார் மகளிடம்.

மீனலோசனியின் கை மேசைவரை வந்துவிட்டது. லோஷினி தழும்பு விரலை மெல்ல நீட்டி, காகிதத்தில் அந்தக் கட்டத்தை நோக்கி நகர்த்தினாள். மீனலோசனி கையை இழுத்து, இரண்டையும் தொடைக்குக் கீழே செருகி, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்தார்.