கொலுவுக்கு வந்த பாசி

கோணிப்பையில் கட்டி வந்த ஈரப் பாசிக்கு ஒரு மணம் உண்டு. மழை விட்ட மறுநாள் காலையில் பாறை இடுக்கில் முகத்தை வைத்தால் வருகிற மணம் அது. அதனோடு சணலின் வாசனையும் கலந்திருக்கும். நவராத்திரிக்கு முதல் நாள் அம்மா அந்தக் கோணியைக் கூடத்தில் கவிழ்க்கும்போது வீடே ஒரு சுற்றுக் குளிர்ந்துவிட்டதுபோல் எனக்குத் தோன்றும். இன்றைக்கும் துவைத்த துணி காயாமல் கிடந்து லேசாக வாடை வீசினால், முதலில் அந்தக் கூடமும் பிறகு என் சித்தியும் நினைவுக்கு வருகிறார்கள்.

கோலார் தங்கவயலில், கோரமண்டல் சுரங்கத் தொழிலாளர்களின் "லைன்" வீடுகளுக்கு எதிரே எங்கள் மளிகைக் கடை இருந்தது. கடைக்குப் பின்னால் வீடு. வாசலில் நின்றால் தெரிவது சுரங்கத்திலிருந்து வெளியே வந்து குவிந்த சாம்பல் நிற "சயனைட்" மேடுகள்தான். காற்றடித்தால் அந்தத் தூள் அரிசி மூட்டையிலும் படியும், தலையிலும் படியும். அதில் புல்கூட முளைக்காது. அதனாலோ என்னவோ, பச்சை என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனி ஆசை.

சித்தி ராணி, அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். கொலுப்படிக்குக் கீழே "பார்க்" வைப்பது அவள் வேலை. ஓட்டை விழுந்த பழைய தாம்பாளத்தில் மண்ணைப் பரப்பி, கடையிலிருந்து ஒரு பிடி ராகி எடுத்துத் தூவி, பண்டிகைக்கு முன்பிருந்தே தண்ணீர் தெளித்து வருவாள். கொலு வைக்கும் அன்று அது விரல் உயரத்துக்கு வளர்ந்திருக்கும். நடுவில் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று குளமாகும். விஜயதசமி முடிந்ததும் முளைகளைப் பால்காரர் மாட்டுக்குக் கொடுத்துவிட்டுத் தாம்பாளத்தைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடுவாள். வாங்கியதும் இல்லை, எறிந்ததும் இல்லை.

சித்தியைக் குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்த வருடம், ஜவுளிக் கடை வீட்டம்மா பெங்களூரில் யார் வீட்டிலோ பார்த்துவிட்டு வந்து, நிஜப் பாசியால் மலை கட்டிக் கொலு வைத்தார். ஊரே போய்ப் பார்த்தது. மறு வருடம் எங்கள் வீட்டிலும் பாசி மலை வந்தது. அதற்கு அடுத்த வருடம் கடைத்தெருவில் பாசி இல்லாத கொலுவே இல்லை.

பாசிக்கு எங்கே போவது? லைன்களுக்குப் பின்னால் இருந்த பாறைக் குன்றில் ஒரே ஒரு சுனை இருந்தது. "சொனை" என்போம். பாறையின் வயிற்றில் ஒரு குழி. பள்ளமான பக்கத்தில் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்த ஒரு சின்னக் கரை. கரையைக் கட்டியது இன்னார் என்று யாருக்கும் தெரியாது. குழாயில் தண்ணீர் நின்றுபோனால் லைன் பெண்கள் அங்கே போவார்கள். குடத்தை உள்ளே அமுக்கக் கூடாது, அங்கேயே கிடக்கும் கொட்டாங்குச்சியால்தான் மொள்ள வேண்டும். மொண்டு முடித்தவர்கள் ஒரு கல்லையோ ஒரு கை ஈர மண்ணையோ கரையில் வைத்து அழுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். இது வழக்கம். ஏன் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. முன்னால் போகிறவள் செய்வாள், பின்னால் வருகிறவளும் செய்வாள். அந்தக் கரையில்தான், கை வைத்தால் புதைகிற மாதிரி, பாசி அடர்ந்து கிடந்தது.

அம்மாவோடு நானும் போனேன். எங்கள் கடையில் வழக்கமாகச் சாமான் வாங்கும் கன்னியம்மாவும் துணைக்கு வந்தாள். அவள் புருஷனுக்குச் சுரங்கத்தில் வேலை. பாசி தனியாக வரவில்லை. தோசைக்கல்லிலிருந்து அடை பெயர்கிற மாதிரி மண்ணோடு சேர்ந்து பெயர்ந்து வந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"இன்னாக்கா, சாமிக்கு மெத்தை தெக்கப் போறியா? இம்மாம் எடுக்கற!" என்றாள் கன்னியம்மா.

"போடி, வருசத்துக்கு ஒரு வாட்டிதானே. ஒரு மழை வந்தா தானா வளந்துக்கும்."

"அப்ப எனக்கும் ரெண்டு கை குடு. எங்கூட்டு முருகர் படத்தண்ட வெக்கறேன். எங்க லைன் வாத்தியார் வூட்ல மட்டும் வெச்சுக்கினு ரொம்பத்தான் அலட்டிக்கறாங்க."

கொலுவில் விடும் ஆற்றுக்கு வேண்டும் என்று கரையின் வெள்ளைக் கூழாங்கற்களையும் நான் மடியில் கட்டிக்கொண்டேன். காட்டுக்கு வேண்டும் என்று சுனைக்கு நிழல் தந்த புதரிலிருந்து கிளைகள் ஒடித்தோம். வீட்டுக்கு வந்து அம்மா மலை கட்டி முடித்ததும் அப்பா கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, வூட்டுக்குள்ள காடு பூந்துக்கிச்சு! கொலுவையே குன்று மேல கொண்டுபோயி வெச்சிருந்தா, தூக்கினு வர்ற வேலையாவது மிச்சம்" என்று சிரித்தார். வந்தவர்களெல்லாம் பாசியைத் தொட்டுப் பார்த்தார்கள். பொம்மைகளை யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

பண்டிகை முடிவதற்குள் பாசி பழுத்துவிடும். அள்ளிச் சாக்கடை ஓரம் கொட்டிவிடுவோம். பழையதை வைத்தால் மரியாதை இல்லை என்பதால் மறு வருடம் மறுபடி புதிது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிற வீட்டார், நாங்கள் விட்டு வைத்த மிச்சத்துக்காகக் குன்று ஏறினார்கள். யார் அதிகம் எடுத்தார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எல்லா வீட்டிலும் அது பக்தியாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டைவிடக் கொஞ்சம் பெரிய பக்தி, அவ்வளவுதான்.

இப்படிச் சில வருடங்கள் போன பிறகு, ஒரு மாசி மாதத்தில் சித்தி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அக்கா வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. மூன்று மாதம் வைத்திருந்து, குழந்தைக்கு அரைஞாண் பூட்டி, தலை நிமிர்ந்து அனுப்பவேண்டும் என்று அம்மா அதற்கு முன் வருடமே திட்டம் போட்டிருந்தாள். பெற்றவள் இல்லாத குறை தங்கைக்குத் தெரியக்கூடாது என்பது அவள் வைராக்கியம்.

அந்த வருடம் மழை ஏமாற்றியிருந்தது. எங்களுக்குத் தண்ணீர் வருகிற பேத்தமங்களா ஏரி வற்றிக்கொண்டிருப்பதாகக் கடைக்கு வருகிறவர்களெல்லாம் சொன்னார்கள். குழாயில் தினமும் வந்த தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. பிறகு எப்போது வரும் என்பதே தெரியாமல், சுரங்கத்துச் "சங்கு" ஊதும்போதெல்லாம் அதுவே குழாய்க்கும் சேர்த்து ஊதியதுபோல் பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சித்திக்குப் பெண் பிறந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது, மூலையில் குவிந்து கிடந்த குழந்தைத் துணிகளின் வாடை மட்டும்தான் தெரிந்தது.

"சொனையில இருக்கும்" என்று அம்மா நிச்சயமாகச் சொன்னாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாக, கன்னியம்மாவோடு குன்று ஏறினோம்.

குழியின் அடியில் உள்ளங்கையளவு சேறு இருந்தது. அதன்மேல் குளவிகள் மொய்த்தன. கொட்டாங்குச்சி வெயிலில் வெடித்துக் கிடந்தது. கரை இருந்த இடத்தில், தண்ணீர் ஒழுகிப்போன தடம் பாறையில் வெள்ளையாகக் கீழே இறங்கியிருந்தது.

"கரையே இல்லியேக்கா" என்றாள் கன்னியம்மா. அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. அவள் வீட்டு முருகர் படத்தடியிலும்தான் அந்தக் கரை கொஞ்சம் இருந்தது.

அம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு, அங்கே கிடந்த கற்களைப் பொறுக்கிக் கரை இருந்த இடத்தில் அடுக்கினாள். மண்ணை அள்ளி வைத்து அழுத்தினாள். ஈரமில்லாத மண் விரலிடுக்கில் உதிர்ந்துகொண்டே இருந்தது. "விடுக்கா, இனி அடைச்சு இன்னா பண்ண" என்று கன்னியம்மா சொன்ன பிறகும் அவள் உடனே எழுந்திருக்கவில்லை.

குழந்தையைப் பார்க்கக் குடியாத்தத்திலிருந்து சித்தப்பாவும் அவர் தாயாரும் வந்தார்கள். அந்த அம்மாள் கால் கழுவத் தண்ணீர் கேட்டார். அம்மா அரைச் செம்பு கொண்டுவந்தாள். அவர் செம்பையும், மூலையில் இருந்த துணியையும், சித்தியின் தலைமுடியையும் பார்த்தார்.

"பச்ச ஒடம்புக்காரிய இங்க வெச்சுக்கினு இன்னாம்மா பண்ணப் போற? எங்கூட்டுக் கெணத்துல தண்ணி இருக்குது. இட்டுக்கினு போறோம்."

"அத்தே, மூணு மாசம் வெச்சு அனுப்பறதுதானே முறை. நாலு பேர் இன்னா பேசுவாங்க?"

"முறைய வெச்சுக் கொழந்தை துணி அலச முடியுமா?"

மறுநாளே கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேற்றினோம். அரைஞாண் பூட்டவில்லை. "அழுவாதக்கா. தண்ணி வந்ததும் வரேன்" என்று சித்தி ஜன்னல் வழியாகச் சொன்னாள். ஆனி மாதத்தில் மழை வந்தது, குழாயில் தண்ணீரும் வந்தது. சித்தி வரவில்லை. அடுத்த இரண்டு பிரசவங்களும் மாமியார் வீட்டிலேயே நடந்தன. கோபம் என்று சொல்ல முடியாது. கல்யாணங்களில் பார்த்தால் நன்றாகத்தான் பேசுவாள். ஆனால், ஒரு பெண் பிரசவத்துக்கு வந்து போகிற வீடாக எங்கள் வீடு அதன்பின் இருக்கவில்லை.

பாசியை உரித்ததால்தான் சுனை வற்றியதா? மழை இல்லாத வருடத்தில் கரை இருந்திருந்தால் மட்டும் இரண்டு குடம் நின்றிருக்குமா? இதை நான் பலமுறை இப்படியும் அப்படியும் போட்டுப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை. கரை இருந்த வருடங்களில் அது வற்றியதில்லை என்பது மட்டும் தெரியும்.

நான் இப்போது தங்கவயலிலேயே "பாலகாட்" என்ற பகுதியில் குடியிருக்கிறேன். என் மகள் பள்ளிக்குப் போகிறாள். போன நவராத்திரிக்குக் கடைத்தெருவில் பிளாஸ்டிக் புல் வந்திருந்தது. வெட்டி வெட்டி விற்றார்கள். நான் வாங்கவில்லை. "எல்லார் வீட்லயும் வாங்கிட்டாங்கம்மா" என்று அவள் அழுதாள். குழந்தையின் ஆசையை மறுக்கிறேனோ என்று இரண்டு நாள் குழம்பினேன். பிறகு அவளை அந்தக் குன்றுக்கு அழைத்துப் போனேன். புதர் இல்லை. குழி காய்ந்து, அதில் பீடித் துண்டும் சோடா மூடியும் கிடந்தன. அவள் உள்ளே இறங்கி நின்று, "இங்கியா தண்ணி இருந்துச்சு? சும்மா சொல்றே!" என்றாள். அவளுக்குக் காட்ட என்னிடம் ஒரு துளிகூட இல்லை.

அம்மா வீட்டுப் பரணிலிருந்து அந்த ஓட்டைத் தாம்பாளத்தை எடுத்து வந்து ராகி தூவினேன். அவசரத்தில் போட்டதால் கொலு அன்று முளை அரை விரல்கூட இல்லை. பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா, "இன்னாங்க, இந்த வருசம் பார்க் வெக்கலியா?" என்றார். மகள் என்னை முறைத்தாள். சரியாகத்தான் செய்தேனா என்று மறுபடி சந்தேகம் வந்தது.

மாலையில் அம்மா வந்தாள். கொலுவைப் பார்த்துக்கொண்டே நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தவள், பாதியில் நிறுத்திவிட்டுக் குனிந்து, டம்ளரில் மீதி இருந்ததைக் கைவிரலால் தொட்டுத் தொட்டு ராகி முளைகளின்மேல் தெளித்தாள்.

"ராணி தூவற மாதிரி இன்னும் கொஞ்சம் நெருக்கமா தூவியிருக்கணும்" என்றாள்.