நீதிபதி கடித்த பேனா

மேஜையில், வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லாத யாரோ ஒருவருக்கான மேல்வரிசைப் பல்செட் காய்ந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் திறந்த சாப்பாட்டு டப்பா. பல்லக்கா இடது கை விரல்களால் கைபேசித் திரையை விரித்து விரித்து, ஒரு பேனாவின் கழுத்தை யானைக்கால் அளவுக்குப் பெரிதாக்கிவிட்டாள். வலது கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகும் வழியில் ஐந்து நிமிஷமாக நிற்கிறது.

"ஏண்டா, மூடிக்குள்ள எப்படிடா வெயில் அடிச்சுது?" என்று திரையைக் கேட்கிறாள்.

கவளம் வாய்க்குள் போகிறது. அந்தப் பேனா தொலைந்தது என்று அர்த்தம்.

கெட்டியான கறுப்பு ரப்பரில் கடைந்த பழைய பேனாக்கள் உண்டு. வருஷக்கணக்கில் வெளிச்சம் பட்டால் கறுப்பு பழுப்பாகும். மூடி மறைத்த இடம் மட்டும் கறுப்பாகவே நிற்கும். போலி செய்கிறவருக்கு அத்தனை பொறுமை ஏது? சாயத்தில் முழுசாக முக்கி எடுத்துவிடுவார். இணைய ஏலத்தில் 'எண்பது வருடப் பழமை' என்று மார்தட்டும் பேனாக்களில் பாதியை இந்த ஒரு கேள்வியிலேயே கவிழ்த்துவிடுவாள். மீதிக்கு வேறு கேள்விகள் வைத்திருக்கிறாள். தினமும் எழுதிய பேனா என்கிறாயே, நிப்பின் முனை ஏன் புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறது? கிளிப்பின் பூச்சு உரிந்திருக்கிறது, சரி. சட்டைப்பையில் உரசும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் ஏன் உரிந்தது?

அவளுடைய தொழில் பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுப்பது; அதனால்தான் ஊருக்கு அவள் பல்லக்கா. இருபத்திரண்டு வருஷமாக ஜன்னலோரத்து இந்த மேஜைதான். சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க வெள்ளைப் பிளாஸ்டரில் ஊரார் வாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. "பொய்யை நெஜம் மாதிரி செய்யுறதுதான் என் பொழப்பு. அப்புறம் இன்னொருத்தன் அரைகுறையா செஞ்சா எனக்குக் கோவம் வராதா?" என்பாள். ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டுப் பெரியவர் தும்மியபோது பறந்து வந்த பல்செட்டை அந்தரத்திலேயே பிடித்து, திருப்பிக் கொடுப்பதற்குள் கீழ்வரிசை தளர்ந்திருப்பதையும் சொல்லிவிட்டாள் என்று அவளுடைய நாத்தனார் சத்தியம் செய்கிறாள். அந்த பஸ்ஸை ஓட்டியவர் பல்லக்காவின் கணவர். கேட்டால், "நான் ரோட்டைப் பாத்துட்டிருந்தேன்" என்று நழுவிவிடுவார்.

பேனாப் பித்து அந்தக் கணவரால் வந்ததுதான். இருபது வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியதற்காக மூன்று வருஷத்துக்கு முன் அவரை மேடையேற்றி மெடல் கொடுத்துப் பாராட்டினார்கள். அதற்குப் பரிசாக, ஏலத்தில் பிடித்த ஒரு பழைய பேனாவை அவர் சட்டைப்பையில் செருகி அனுப்பினாள் பல்லக்கா. மாலை போட்டுக்கொண்டு மனிதர் நிமிர்ந்தபோது இடது மார்பில் நீல மை உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. புகைப்படத்தில் இன்றும் அதுதான் முதலில் தெரியும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்து, "விடும்மா, இன்னொரு மெடல்னு நெனச்சுக்கறேன்" என்றார் அவர். அவள் விடவில்லை.

அதை விற்றவருக்கு அவள் வைத்த பெயர் பெட்டிக்காரர். அவருடைய எல்லாப் பேனாவும் யாரோ ஒரு பெரிய மனிதரின் பழைய பெட்டியிலிருந்துதான் கிடைக்கும். கணவருக்கு வாங்கியது ஒரு நீதிபதியின் பேனாவாம். தீர்ப்பு எழுதும்முன் அதன் பின்முனையைக் கடித்தபடி யோசிப்பாராம். பல் தடம் அப்படியே இருக்கிறது பாருங்கள் என்று படம் போட்டிருந்தார். கடிபட்ட பேனா என்றால் சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். பெட்டிக்காரர் அந்தச் சுளிப்பையே தனக்குச் சாட்சியாக்கினார்: போலி செய்கிறவன் தன் சரக்கைத் தானே கடித்துக் கெடுப்பானா? கெட்டிக்காரக் கேள்வி. பல்லக்காவும் அதில்தான் விழுந்தாள்.

இந்த மாதம் அவர் ஏலத்துக்கு விட்டது ஒரு தலைமையாசிரியையின் பேனா. பின்முனையில் பல் தடம். பேனா சேகரிப்பவர்களின் இணையக் குழுவில் இருநூற்று நாற்பது பேரும் வாய் பிளந்து நிற்க, பல்லக்கா மூன்றே வரி எழுதினாள்: "இது போலி. வருஷக்கணக்கா கடிச்சா தடம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குழம்பியிருக்கும். இது ஒரே கடி."

குழு சிரித்தது. பல் கட்டுகிற அம்மா பேனாவுக்கும் பல் பார்க்க வந்துவிட்டார் என்று ஒருவர் எழுத, அதற்கு அறுபது பேர் கைதட்டினார்கள். பெட்டிக்காரர் சிரிக்கவில்லை, தன் நாணயத்தில் கை வைத்துவிட்டதாகப் பொங்கினார். குழுவின் தலைவர் ஒரு நூலகர், பேச்சிலும் அமைதி காப்பவர். அவர் தீர்ப்பு சொன்னார்: ஞாயிறு மாலை நாலு மணிக்குக் காணொளியில் எல்லாரும் கூடுவது. அம்மா நிரூபிக்க வேண்டும்; முடியாவிட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குழுவை விட்டுப் போய்விட வேண்டும்.

அன்று முதல் வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாடி வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் நாத்தனார் இறங்கிவந்து பார்த்தாள்.

"ஏம்மா, ஊரான் பேனாவ எவனோ கடிச்சா உனக்கென்ன வலிக்குது?"

"அண்ணி, நான் போலின்னு சொன்னா அதுல கை வைக்கக் கூடாதுன்னு நாப்பது அம்பது பேராவது நம்புறாங்க. நான் வெளிய போயிட்டா அவங்க எல்லாரும் அந்தாளு பெட்டிக்குள்ளதான் போய் விழுவாங்க."

"அப்ப மன்னிப்புக் கேக்கறப்ப அழுதுடாத. உனக்கு அழுதா மூக்கு செவந்துடும், வீடியோவுல நல்லா இருக்காது."

"நீங்க எனக்குத் தைரியம் சொல்ல வந்தீங்களா, மேக்கப் சொல்ல வந்தீங்களா?"

"ரெண்டும்தான். எழுந்து சாப்பிடு."

சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்துபோய், மூன்று வருஷமாக இழுப்பறையில் சிறைவைத்திருந்த நீதிபதி பேனாவை எடுத்தாள். கோபத்தில் அதன் முகத்தில் விழிக்கவே மறுத்திருந்ததால், தொழில்கண்ணோடு அதை அவள் பார்த்ததே இல்லை. லென்ஸை வைத்தாள். மேல்பக்கம் நாலு பள்ளம், கீழ்ப்பக்கம் மூன்று. மேலே மூன்றாவது பள்ளம் மட்டும் வரிசையை விட்டு விலகிக் குறுக்கே கிடந்தது. அதை அடுத்து ஓர் இடைவெளி.

பிறகு கைபேசியில் தலைமையாசிரியையின் பேனாவைப் பார்த்தாள். மறுபடி நீதிபதி. மறுபடி தலைமையாசிரியை. போன வருஷம் இதே பெட்டிக்காரர் விற்ற கப்பல் கேப்டனின் பேனாப் படத்தையும் தேடி எடுத்தாள்; அவள் கைபேசியில் சொந்தக்காரர்களைவிடப் பேனாக்களின் படம்தான் அதிகம். மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தண்ணீர்ச் செம்பு சாய்ந்தது. "அண்ணி! இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க!"

ஞாயிறு மாலை நாலு மணி. பல்லக்கா தன் வேலை மேஜையிலிருந்தே பேசினாள். பின்னால் அலமாரியில் நூற்றுச் சொச்சம் வாய்கள் சாட்சிக்கு நின்றன. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். நடுக்கட்டத்தில் பெட்டிக்காரர், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, புண்பட்ட பெரியமனிதராக அமர்ந்திருந்தார்.

அவள் முதலில் பேனாவைக் காட்டினாள். பள்ளங்களில் அச்சுப்பசை அழுத்தி எடுத்துச் செய்த பிளாஸ்டர் பல்வரிசையை அடுத்துக் காட்டினாள். கப்பல் கேப்டன் பேனாவின் படத்தையும் தலைமையாசிரியை பேனாவின் படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள். நாலு பள்ளம், நாலு பள்ளம், நாலு பள்ளம். மூன்றிலும் மூன்றாவது குறுக்கே. மூன்றிலும் அதே இடைவெளி.

"ஐயா, இது இடது பக்கத் தெத்துப்பல்லு. பேனாவை வெந்நீர்ல போட்டு இளக்கி, வாயோட இடது ஓரத்துல வச்சு ஒரே கடி. எனக்கு ஒண்ணுதான் புரியல. நீதிபதி, கப்பல் கேப்டன், தலைமையாசிரியை. மூணு பேரும் ஒரே வாயை வச்சுக்கிட்டு, முறை போட்டுக் கடிச்சாங்களா?"

எங்கோ ஒரு கட்டத்தில் யாருக்கோ புரையேறியது. பெட்டிக்காரர் விஷயத்தைச் சிரித்துத் தள்ளிவிட நினைத்தார். மனிதர் செய்த பிழை அது ஒன்றுதான். தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, "ஆஹாஹா! அம்மாவுக்கு நல்லாக் கதை விட வருது!" என்றார்.

இருநூற்று நாற்பது பேரும் கதையைக் கேட்கவில்லை. பல்லைப் பார்த்தார்கள்.

நூலகர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாழ்ந்த குரலில், மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இன்னொரு தடவை சிரிக்க முடியுமா?"

நடுக்கட்டம் இருண்டது. ஆள் போய்விட்டார். அரைமணி நேரத்தில் தலைமையாசிரியையின் பேனா ஏலத்திலிருந்து காணாமல் போனது. ஒரு மணி நேரத்தில் அவர் கடையே காணாமல் போனது. முன்பு கைதட்டிய அறுபது பேரும் இப்போது பல்லக்காவுக்குக் கைதட்டினார்கள், முதலில் கேலி செய்தவர் எல்லாரையும்விடப் பலமாக. இனி எந்தப் பழைய பேனாவையும் அம்மா பார்த்துச் சொன்ன பிறகே வாங்குவது என்று நூலகர் அன்றே எழுதிவைத்தார்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார், "மூக்கு செவக்கவே இல்லையே" என்றாள் ஏமாற்றமாக. கணவர் மைக்கறை படிந்த அந்தப் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றிருந்தார். "எதுக்கு இதைப் போட்டிருக்கீங்க?" என்று அவள் கேட்க, "மெடல் வாங்குன அன்னைக்கு மெடல் போட வேண்டாமா?" என்றார்.

அவள் விளக்கை அணைக்கும்முன் அலமாரியில் இரண்டு வாய்களை நகர்த்தி இடம் செய்தாள். பெட்டிக்காரரின் பிளாஸ்டர் பல்வரிசையை அங்கே வைத்து, மற்றவற்றுக்குப் போலவே சீட்டு ஒட்டினாள். பிறகு நீதிபதியின் பேனாவை எடுத்து அந்தப் பற்களுக்கு நடுவே இடது ஓரமாகச் செருகினாள். டக் என்று பிடித்துக்கொண்டது.