ஒக்ரோபர் வரை போன அணி

சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் பேஸ்போல் பருவமும் தொடங்குகிறது. அதனால் ஸ்காபரோவில் நான் குடியிருக்கும் பதினொரு மாடிக் கட்டடத்தில் பெரியவர்கள் கையில் காசு தரும் கைவிசேஷமும் எங்கள் நகரத்து அணியின் முதல் தோல்விகளும் ஏறக்குறைய ஒரே கிழமையில் வந்துசேரும். அந்த ஆண்டும் அப்படியே வந்தன. தோற்ற விதங்களில் ஒரு கற்பனை வளமே இருந்தது. கடைசி இனிங்ஸ் வரை முன்னணியில் நின்று தோற்றார்கள். எதிரணி பந்தை அடிக்காதபோதும், எங்கள் வீரர்களே அதைத் தாறுமாறாக எறிந்து ஓட்டங்களைத் தானமாகக் கொடுத்த ஆட்டம் ஒன்றும் உண்டு.

ஆட்டங்களை நான் பெரும்பாலும் பதினோராம் மாடியில் பார்ப்பேன். அங்கே இருக்கும் அண்ணை என் தந்தையைவிட மூத்தவர். ஆனாலும் கட்டடம் முழுவதுக்கும் அவர் அண்ணைதான். மனைவி காலமானபின் தனியே இருக்கிறார். இளமையில் யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிக்காகக் கிரிக்கெட் ஆடியவர் என்பதால், பேஸ்போலை ஒழுங்காக வளர்க்கப்படாத ஒரு தம்பியைப் போலவே கருதினார். கண்டிப்பார், கைவிட மாட்டார். ஆட்டம் உள்ள நாட்களில் அவருடைய வீட்டுக் கதவு பூட்டப்படுவதில்லை. அயலவர்கள் வந்து அமர்வார்கள், அவர் விளங்கப்படுத்துவார்.

அந்த விளக்கங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும். பந்து மட்டையில் உரசிப் பின்னால் பறந்தால், அது பேஸ்போலில் எந்தப் பயனும் அற்ற அடி. அண்ணையோ "லேட் கட், நாலு" என்று கைதட்டுவார். ஒரு நாள் எங்கள் வீரர் ஒருவர் மூன்றாவது பந்தை மட்டையை அசைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். பேஸ்போலில் மூன்று நல்ல பந்துகளை அடிக்காமல் விட்டால் ஆட்டமிழப்பு; அவரும் ஆட்டமிழந்துவிட்டார். அண்ணை மெச்சினார்.

"நல்லா விட்டான். உது வெளியால போற பந்து, தொடக்கூடாது."

இரண்டாம் மாடியில் இருக்கும் அன்ரி, "பின்னை ஏன் அண்ணை அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு போறான்?" என்று கேட்டார்.

"அடக்கமான பெடியன்."

தவறான தகவல் பரவுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சட்டம் இன்னது என்று நான் மெதுவாகத் திருத்தினேன். சட்டம் பிழையென்றால் ஆட்டக்காரன் என்ன செய்வான் என்று அண்ணை என்னையே திருப்பிக் கேட்டார்.

நான் நகரத் திட்டமிடல் படித்தவள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கோடிகளில் சம்பளம் வாங்கும் இளைஞர்களின் வெற்றிக்காக நான் ஏன் நகம் கடிக்கவேண்டும் என்ற கேள்வியைப் பலமுறை எனக்குள் எழுப்பியிருக்கிறேன். விளையாட்டரங்கில் ஒரு குடும்பம் ஒரு மாலையைக் கழிக்க ஆகும் செலவு எனக்குத் தெரியும். ஆயினும் லிஃப்டில் ஒன்றாக ஏறும் பல மொழிக்காரர்களுக்குக் காலநிலையை விட்டால் பேச வேறென்ன இருக்கிறது? முதல்நாள் ஆட்டம் இருந்தால் நான்காம் மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் நாங்கள் உறவினர்களாகிவிடுவோம். இதை ஒரு பொதுநன்மையாகவே கணக்கில் எடுத்தேன். நகம் கடிப்பதற்கு அது போதிய நியாயமாகவும் இருந்தது.

ஜூலையில் அந்த லிஃப்டுகளே பிரச்சினையாயின. இரண்டும் பழையவை, குளிர்காலத்தில் மாற்றியே ஆகவேண்டும் என்று கட்டட மனேஜர் அறிவித்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டு மாற்றினால் வேலை விரைவாக முடிந்துவிடும். ஆனால் அதுவரை எல்லோரும் படியேறவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினால் எப்போதும் ஒரு லிஃப்ட் ஓடும். ஆனால் இடிப்பும் துளைப்பும் வசந்தம் வரை நீளும். குடியிருப்போர் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எதை விரும்புகிறார்களோ அதையே செய்வதாக மனேஜர் ஒப்புக்கொண்டார்.

அண்ணைக்கு முந்திய ஆண்டு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. பதினொரு மாடி ஏறி இறங்குவது அவரால் ஆகாது. இரண்டு லிஃப்டும் நின்றால் றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் தம்மிடம் வந்துவிடவேண்டும் என்று மகள் சொல்லிவிட்டார். அன்பான மகள், பெரிய வீடு, கோயிலும் பக்கத்தில். ஆனால் கார் இல்லாமல் ஒரு பால்பெட்டி வாங்கக்கூட முடியாத தெரு. மருமகன் ஹொக்கி மட்டுமே பார்ப்பவர். ஒருமுறை போய்விட்டால் மகள் திரும்ப அனுப்பமாட்டார் என்பது அண்ணைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு எந்த நாளை வைப்பது என்று அவரிடமே ஆலோசனை கேட்டேன். கோடையில் ஆட்கள் ஊர்சுற்றப் போய்விடுவார்கள். செப்ரெம்பரில் பாடசாலை தொடங்கும் அமளி.

"ஒக்ரோபரில வையும், பிள்ளை. எங்கட பெடியள் செப்ரெம்பரிலேயே பாயைச் சுருட்டிப்போடுவாங்கள். பிறகு எல்லாரும் சும்மாதானே இருப்பினம்."

முன்னணி அணிகள் மட்டுமே ஒக்ரோபரிலும் ஆடும்; எங்களுடையது ஆடாது என்பது பல ஆண்டு அனுபவத்தின் அடிப்படையில் அமைந்த கருத்து. நானும் ஏற்றுக்கொண்டேன். ஒக்ரோபரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தரைத்தளத்துப் பார்ட்டி ரூமில் கூட்டம் என்று எல்லா மாடிகளிலும் அறிவித்தல் ஒட்டினேன்.

அதன் பிறகுதான் அணி வெல்லத் தொடங்கியது.

காரணம் எவருக்கும் விளங்கவில்லை. ஏப்ரலில் பந்தைத் தவறவிட்ட அதே கைகள் ஓகஸ்ட்டில் அதைப் பாய்ந்து பிடித்தன. எதிரணி எறிபவர்கள் எங்கள் வீரர்களைப் பார்த்து முகம் வெளிறினார்கள். பஸ்சில் அணியின் தொப்பி அணிந்த முன்பின் தெரியாதவர்கள் எனக்குத் தலையசைத்தார்கள். எங்கள் தெருமுனைப் பேக்கரியில் மிதிவெடி என்னும் முட்டைப் பலகாரம் வாங்க வரிசையில் நின்றவர்கள் கைபேசியில் ஸ்கோர் பார்த்தார்கள். ஒவ்வொரு வெற்றிக்கும் நான் மனதாரத் துள்ளினேன். துள்ளி முடித்தபின் நாட்காட்டியைப் பார்த்தேன். செப்ரெம்பர் முடிந்தது, எவரும் பாயைச் சுருட்டவில்லை. பிளே ஓஃப் என்னும் இறுதிச் சுற்றுகளின் அட்டவணை வெளியானபோது, தோற்றால் வீடு, வென்றால் அடுத்த சுற்று என்ற ஓர் ஆட்டம் எங்கள் கூட்ட நாளில், எங்கள் கூட்ட நேரத்திலேயே விழுந்திருந்தது.

கூட்டத்துக்கு ஆட்கள் வராவிட்டால், வருகிற சிலர் எடுப்பதே முடிவு. கீழ்மாடிக்காரர் தவறாமல் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேலை விரைவாக முடியவேண்டும். அதில் நியாயமும் இருந்தது. இரண்டாம் மாடி அன்ரி முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்பவர், பகலில்தான் உறங்குவார். அவருடைய படுக்கையறைச் சுவருக்கு மறுபுறம்தான் லிஃப்ட் ஓடும் கிணறு. நாளை மாற்றலாமா என்று மனேஜரிடம் கேட்டேன். ஒப்பந்தகாரருக்கு அந்தக் கிழமையே பதில் கொடுத்தாகவேண்டும் என்றார். அண்ணை இரண்டு நாட்கள் என்னோடு ஆட்டம் பற்றிப் பேசவில்லை. இத்தனை ஆண்டுகளில் அணி முதன்முறையாக நன்றாக ஆடுவதற்கு இதுதானா நேரம் என்று மட்டும் முணுமுணுத்தார்.

கடைசியில் மிக எளிய வழியொன்றைக் கண்டேன். பார்ட்டி ரூமின் பெரிய தொலைக்காட்சியில் ஆட்டத்தையும் போட்டுவிடுவது. பேஸ்போலில் ஓர் அணி ஆடி முடித்து மற்ற அணி ஆட வரும்போதெல்லாம் சில நிமிட விளம்பர இடைவேளை உண்டு. அந்த இடைவேளைகளில் கூட்டத்தை நடத்தலாம்.

அன்று கதிரைகள் போதவில்லை. சுவரோரம் நின்றவர்களும் உண்டு. அன்ரி பெரிய பாத்திரம் நிறையக் கடலை அவித்துக் கொண்டுவந்திருந்தார். மனேஜர் கோட்டுப் பையிலிருந்து அணியின் தொப்பியை எடுத்து அணிந்தபோது அறை முழுவதும் அவரை மன்னித்தது. நான் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி தலைமை தாங்கினேன். இனிங்ஸ் முடிந்ததும் ஒலியை அடக்குவேன்; ஒருவர் எழுந்து பேசுவார்; விளம்பரம் முடிந்ததும் ஒலி வரும், அவர் அமர்வார். வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை என்று நீளும் எங்கள் கூட்டங்களில் இத்தனை சுருக்கமாக எவரும் பேசி நான் கேட்டதில்லை. மூன்றாம் இனிங்ஸ் முடிவில் அன்ரி தமது உறக்கத்தைப் பற்றிப் பேசினார். நான்காம் இனிங்ஸ் முடிவில் அண்ணை எழுந்து, முழங்காலைப் பற்றி ஒரு வசனம் சொல்லிவிட்டு, எங்கள் எறிபவர் களைத்துவிட்டார், மாற்றவேண்டும் என்று முடித்தார். அவருடைய வாழ்நாளில் அவர் சொன்ன மிகச் சரியான பேஸ்போல் கருத்து அது.

ஏழாம் இனிங்ஸ் இடைவேளையில் வாக்கெடுப்பு. எங்கள் அணி இரண்டு ஓட்டங்கள் பின்னால் நின்றது. மனேஜர் முன்னால் வந்து, ஒன்றன்பின் ஒன்றாக மாற்ற விரும்புவோர் கையை உயர்த்தும்படி கேட்டார். அவர் கேட்டு வாய்மூடவும் விளம்பரம் முடியவும், எங்கள் வீரர் முதல் பந்தையே பார்வையாளர் கூட்டத்துக்குள் அடித்து அனுப்பவும் சரியாக இருந்தது.

ஹோம் ரன். அறையில் இருந்த எல்லாக் கைகளும் மேலே போயின. மனேஜரின் கைகளும்தான்.

சிரிப்பு அடங்கியதும் மனேஜர், ஏகமனதான தீர்மானம், எனக்குச் சம்மதம் என்றார். பாதி விளையாட்டாகச் சொன்னார். ஆனால் யாரும் மறுக்காவிட்டால் அப்படியே எழுதிக்கொண்டு போயிருப்பார். அன்ரி என்னைப் பார்த்தார். கீழ்மாடிக்காரர் வேறு சிலரும் பார்த்தார்கள். குளிர்காலம் முழுவதும் அவர்களுடைய சுவரைத் துளைக்கப்போகும் ஒரு முடிவை அவர்கள் எடுக்கவே இல்லை. அதைச் சொன்னால் அண்ணை வீட்டை இழக்கக்கூடும். நான் எழுந்து, வாக்கெடுப்பை மீண்டும் நடத்தவேண்டும் என்றேன்.

"பிள்ளை, கை உயர்ந்ததை எல்லாரும் பாத்தவை," என்றார் அண்ணை தணிந்த குரலில். "விடும்."

"அவை உயர்த்தினது பந்துக்கு, அண்ணை. உங்களுக்கில்லை."

அவர் முகத்தைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த அரை இனிங்ஸ் எனக்கு நீண்டதாக இருந்தது. எங்கள் அணியினர் இருவர் அடுத்தடுத்து ஆட்டமிழந்ததை நான் கண்ணால் கண்டேனே தவிர, மனதில் வாங்கவில்லை.

அடுத்த இடைவேளையில் திரையையே அணைத்தேன். மனேஜர் கேள்வியைத் திரும்பக் கேட்டார். மேல்மாடிக்காரர் கைகளை உயர்த்தினார்கள். மனேஜர் எண்ணினார், திரும்ப எண்ணினார். பாதிக்குச் சற்றுக் குறைவு. அண்ணை தமது உயர்த்திய கையை இறக்காமலே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி ஒரு பெருமூச்சோடு கடலைப் பாத்திரத்தை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டுக் கையை உயர்த்தினார்.

"உந்த மனுசன் றிச்மண்ட் ஹில்லுக்குப் போயிட்டா, எங்களுக்கு ஆர் மாட்ச் விளங்கப்படுத்திறது?"

"அவர் சொல்லுறது முழுக்கப் பிழை, அன்ரி," என்றார் அவருக்குப் பக்கத்தில் இருந்த மூன்றாம் மாடிக்காரர்.

"பிழையெண்டாலும் சொல்ல ஒரு ஆள் வேணுமே. நித்திரையை நான் பாத்துக்கொள்ளுறன். நீரும் உயர்த்தும்."

அவரும் உயர்த்தினார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். மனேஜர் எண்ணி முடித்து, பாதியைத் தாண்டிவிட்டது என்று தலையசைத்தார். எவரும் கைதட்டவில்லை, திரையைப் போடு, திரையைப் போடு என்று எல்லாப் பக்கமிருந்தும் என்னை அவசரப்படுத்தினார்கள்.

ஆட்டத்தில் தோற்றோம். ஒன்பதாம் இனிங்ஸில், ஒரே ஓட்டத்தால். பருவம் முடிந்துவிட்டது. அறை சற்று நேரம் இழவு வீடு மாதிரி இருந்தது. அண்ணைக்கு மட்டும் முகத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. துக்கத்தை வரவழைப்பார், அது நிலைக்காது. மகளுக்குத் தொலைபேசி எடுத்து, "அறையை ஒழுங்குபடுத்த வேண்டாம், பிள்ளை, நான் இஞ்சைதான்" என்றார். மகள் ஆட்டத்தின் முடிவைக் கேட்டிருக்கவேண்டும். "அதில தோத்திட்டம்," என்றார், மிக மகிழ்ச்சியாக.

குளிர்காலம் சத்தமாகவே கழிந்தது. ஒரே லிஃப்டுக்காகக் காத்திருக்கையில் அடுத்த ஆண்டு யாரை வாங்கவேண்டும், யாரை விற்கவேண்டும் என்று எங்கள் கட்டடம் தீர்மானித்து முடித்தது. ஆனால் அன்ரியின் சுவரை லிஃப்ட் வேலையாட்கள் உண்மையாகவே துளைத்தார்கள். பகல் வேலைநேரத்தில் அறைக்குள் இருக்க முடியவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. துளைக்கும் நேரத்தை மாற்றமுடியுமா என்று மனேஜரிடம் இருமுறை போய்க் கேட்டேன். மதியத்துக்குப் பிறகு சத்தமில்லாத ஒரு மணித்தியாலம் மட்டும் கிடைத்தது.

பெப்ரவரி முடிவில், தெற்கே வெயில் உள்ள ஊர்களில் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டம் நடந்த பின்னேரம் பதினோராம் மாடிக்குப் போனேன். வழக்கம்போலக் கதவு பூட்டப்படவில்லை. உள்ளே போக முதலே அண்ணை விரலை உதட்டில் வைத்து என்னை நிறுத்தினார். சோபாவில் அன்ரி கம்பளியைக் கழுத்துவரை போர்த்தி, இரவு வேலைக் களைப்பில் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் ஒலி முற்றாக அடக்கப்பட்டிருந்தது. பெயர் தெரியாத இளைஞர்கள் பச்சைப் புல்லில் ஓடினார்கள். ஒருவன் பந்தைத் தவறவிட்டான், இன்னொருவன் அதைத் துரத்தினான். அண்ணை கதிரை நுனியில் அமர்ந்து, எதையும் எவருக்கும் விளங்கப்படுத்தாமல், பார்த்துக்கொண்டிருந்தார்.