பின்பாலும் ரசமட்டமும்

எண்பதுகளில் ஒரு தை மாதத்தில் நான் எழுதிய டைரிக் குறிப்பு: "ஸ்ரீபெரும்புதூர் பொருட்காட்சி. பந்து விழவில்லை."

அங்கே, சரிவில் உருண்டுவரும் பந்தைக் கீழே விழாமல் தட்டி ஆடும் ஒரு பின்பால் மேஜை இருந்தது. சரிவைக் கூட்டக் கடைக்காரர் அதன் பின்கால்களுக்குச் செங்கல் வைப்பார். ஒரு கல் சுலபம், இரண்டு கல் கஷ்டம். பந்தை அதிக நேரம் விழாமல் ஆடுபவருக்கு எவர்சில்வர் குடம். ஃபிட்டரான என் மச்சான், அதை வென்று வருவதாகத் தன் மனைவியான என் தங்கையிடம் சொல்லியிருந்தார்.

கடைக்காரர் டீ குடிக்கப் போனார்.

"இன்னா மச்சான், மேஜை கோணலா கீது? எங்க ஃபேக்டரி லைன்ல ரிஜெக்ட் பண்ணிடுவாங்க" என்று என்னிடம் சொல்லியபடி கற்களை உருவிய மச்சான், பையிலிருந்த, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை வைத்து மேஜையைச் சமமாக்கினார். ஆடத் தொடங்கியதும் பந்து நடுவில் நின்றுவிட்டது.

திரும்பிவந்த கடைக்காரர், "ஆட்டம் முட்ஞ்சுது, நவுரு வாத்தியாரே" என்றார்.

"பந்து வுழுந்துச்சா? வுழல இல்ல? குடத்த எடு!"

கடை மூடும்வரை மச்சான் நகரவில்லையாம்; நான் அதற்கு முன்பே பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டேன். தங்கை வீட்டில் இன்றும் ஓர் எவர்சில்வர் குடம் இருக்கிறது. அது வென்றதா, வழியில் வாங்கியதா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.