பஞ்சு இல்லாத போர்வை

எனக்கு மெஷின் எம்பிராய்டரி வரும் என்பது ஓடைப்பட்டியில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன். கல்யாணச் சீராக வந்த தையல் மெஷினை ரவிக்கை ஓரம் அடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தேனிக்கு பஸ் ஏறிப் போய் வகுப்பில் சேர்ந்தேன். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றிவிட்டு, வளையத்தில் துணியை இறுக்கி, காலால் மிதித்துக்கொண்டே கையால் வளையத்தை நகர்த்திப் பூவும் கொடியும் போடக் கற்றுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சிநேகிதிகள் வீட்டு விசேஷங்களுக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். போர்வை தைத்துக் கொடுத்தேன். இரண்டு துணிக்கு நடுவே இலவம்பஞ்சைப் பரப்புவேன். அது ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க, மேல்துணியிலிருந்து அடித்துணிவரை ஊசி இறங்கும்படி பூவேலை போடுவேன். ஏன் இலவம்பஞ்சு என்று யாரும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. வருசநாட்டுப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வரும். எங்கள் பக்கம் மெத்தையா, தலையணையா, பஞ்சு என்றாலே அதுதான்.

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் தேவாரத்துக்காரி. அவளை வண்டிப்பெரியாரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மலைக்குளிருக்கு ஆகும் என்று பார்த்துப் பார்த்து ஒரு போர்வை தைத்தேன். போர்வை முழுக்கத் திராட்சைக் குலைகள். கத்தரிக்காய் நன்றாக வந்திருக்கிறது என்று கிண்டல் செய்துதான் வாங்கிக்கொண்டாள். போனில் பேசும்போதெல்லாம் போர்வை எப்படி என்று கேட்பேன். சூப்பர் என்பாள்.

அடுத்த மார்கழியில் குமுளிவரை போக வேண்டியிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்கும் போனேன். கட்டிலில் புருஷனின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, இரண்டு நூல் பெட்ஷீட்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் போர்வை பீரோவின் மேல் ஒரு பிளாஸ்டிக் பைக்குள், வாய் முடிச்சுப் போட்டுக் கிடந்தது. எனக்கு முகம் தொங்கிவிட்டது. காபி வேண்டாம் என்றேன். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கோவிச்சுக்காதடி. இங்கன வந்த பெறகு எனக்கு மூச்சிழுப்பு வந்துருச்சு. தணுப்புக்கு அதப் போத்துனா பஞ்சு மூக்குல ஏறுது. ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாக" என்றாள்.

கம்பளியும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். ராத்திரியில் பாதி நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கழிகிறதாம். போர்வையை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிடச் சொன்ன மாமியாரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாளாம்.

நான் பையைப் பிரித்துப் போர்வையை ஜன்னல் வெயிலில் விரித்து ஒரு தட்டு தட்டினேன். ஒவ்வொரு ஊசித் துளையிலிருந்தும் மெல்லிசாகப் பஞ்சு கிளம்பியது. நான் பெருமைப்பட்டுக்கொண்ட குலைகளில்தான் துளைகள் அதிகம். எனக்கு ஆத்திரம் வந்தது. என் வேலை மேல், ஒரு வருஷமாகச் சூப்பர் சூப்பர் என்று பொய் சொன்ன அவள் மேல், வருசநாட்டு இலவமரங்கள் மேலெல்லாம் வந்தது. போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ படுத்துத் தூங்குகிற மாதிரி ஒன்று தைக்காமல் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

முதலில் பஞ்சை விட மனமில்லை. நெருக்கமான மெத்தைத்துணியில் உறை தைத்து அதற்குள் அடைத்துப் பார்த்தேன். பூவேலை போட்டால் துளை விழுந்தது. போடாவிட்டால் பஞ்சு மொத்தமும் கால்மாட்டுக்குப் போனது. நானே போர்த்திப் படுத்து எழுந்த காலையில் என் கணவர் என் தலையைப் பார்த்துவிட்டு, ஒரே ராத்திரியில் நரைத்துவிட்டதே என்றார். பேசாமல் கடையில் ஒன்று வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

பஞ்சையே தூக்கிப் போட்டேன். பறப்பதற்கு உள்ளே எதுவும் இருக்கக் கூடாது, துணிக்கு மேல் துணியாக அடுக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆண்டிபட்டிப் பக்கம் போய்க் கனமான தறித்துணி வாங்கினேன். கஞ்சி போகச் சுடுதண்ணீரில் அலசி எங்கள் தோட்டத்துத் திராட்சைப் பந்தலின் ஓரக் கம்பியில் காயப்போட்டேன். அன்றைக்கென்று பார்த்துக் கொடிக்கு மருந்தடித்தார் என் கணவர். துணியெங்கும் நீல நீலமாக மயில்துத்தப் புள்ளி. துவைத்தால் போய்விடும் என்றார். மூச்சுக்குத் திணறுகிறவள் மூக்கை மூடப்போகிற துணி, மருந்து வாடை பட்டது ஆகாது என்று சண்டை போட்டு வேறு வாங்கிவந்தேன்.

நான்கு மடிப்பில் ஊசி இறங்கவில்லை, முறிந்தது. வேறு ஊசி மாட்டினேன், அதுவும் முறிந்தது. கடைசியில் மேல்துணியில் மட்டும் மெஷின் வேலையை முடித்து, அடி மடிப்புகளோடு சேர்த்து அங்கங்கே கையால் தையல் போட்டுப் பிடித்தேன். விரல் நுனியெல்லாம் புண். தைத்து முடித்த பிறகு வெயிலில் பிடித்துத் துவைகல்லில் அடிக்கிற மாதிரி அடித்துப் பார்த்தேன். ஒரு தும்பு பறக்கவில்லை.

ஆடி மாதம், மழை பிடித்திருந்த ஒரு நாள் மத்தியானம் அங்கே போய்ச் சேர்ந்தேன். அவள் மாமியார் போர்வையை வாங்கி உதறினார், மோந்தார், ஓரத்தைப் பிதுக்கிப் பார்த்தார்.

"இதுலயும் பஞ்சு வச்சிருக்கியா தாயி? அவளுக்கு இன்னொரு தடவ வந்தா தாங்க மாட்டா" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். இல்லை, இப்போதே படுக்கட்டும், நீங்களும் பாருங்கள் என்றேன். மத்தியானத் தூக்கம் தனக்குப் பழக்கமில்லை என்று அவள் இழுத்தாள். அதட்டிப் படுக்க வைத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டுப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் புரண்டாள். ஒரு தடவை இருமினாள், நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். வெளியே மழை வலுத்தது. இருமல் அதோடு நின்றது. மூச்சில் விசில் சத்தம் இல்லை. நான் போக வேண்டிய பஸ் கீழே ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் அசையவில்லை. டீ கொண்டுவந்த மாமியார் வாசற்படியிலேயே நின்று கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது.

விளக்குப் போடுகிற நேரத்துக்குக் கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள், மழையில் இருட்டியிருந்த ஜன்னலைப் பார்த்தாள்.

"இன்னும் விடியலையாடி?" என்று கேட்டாள்.

மணி ஆறுதான் ஆகிறது, சாயங்காலம் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகை வந்துவிட்டது.